ஷூ கம்பெனியில் கேட்ட கேள்வி

செவ்வாய், இரவு.

போலீஸ் வேலைக்குப் பெண்களை வரச் சொல்லி, இன்று ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சாப்பாட்டு நேரத்தில் பேசினேன். காக்கிச் சட்டை, துணிச்சல், மரியாதை என்று அடுக்கினேன். மாதனூர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“பந்தோபஸ்துல நிக்கும்போது பாத்ரூம் போவணும்னா யாரைக் கேக்கணும் சார்?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டராகி இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை. ஏன்?

திரும்பும்போது ஜீப்பில் கான்ஸ்டபிள் செல்வியிடம் கேட்டேன். வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“பந்தோபஸ்துன்னா நாங்க காலையிலேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டோம் சார்.”

நாளை தேர்த் திருவிழா. தேரடியில் நாள் முழுக்க நிற்க அவளைப் போட்டது நான்தான். அங்கே பக்கத்தில் பாத்ரூம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை.