கேட்டை மூடத் தூக்கிய கை

மார்ச் 4, செவ்வாய்

மகளுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் வந்துவிட்டது. என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். படத்தில் எல்லாப் பல்லும் தெரிகிறது. "பல் டாக்டர் பொண்ணு, விளம்பரம் வேண்டாமா?" என்றேன். அவள் அம்மா மட்டும் சிரித்தாள்.

நிபந்தனைகள் சொன்னேன். வகுப்புக்குக் கிளப் ரோடு வழியாகத்தான் போக வேண்டும். லாரி ஓடும் பெரிய ரோட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் எடுக்க மாட்டேன், அடித்து நின்றால் போதும்.

"சரிப்பா, சரிப்பா, சரிப்பா." மூன்று சரி சேர்ந்தால் ஒன்றுகூடச் சரியில்லை என்று அர்த்தம். பதினெட்டு வயது.

மார்ச் 5

மிஸ்டு கால் வந்தது. ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் பயந்துபோனார்.

மார்ச் 9, ஞாயிறு

கிளப் கமிட்டியில் மறுபடி அதே சண்டை. டென்னிஸ் கோர்ட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவே போகும் ரோடு கிளப்புக்குச் சொந்தம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பு ஜனங்கள் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் காலங்காலமாக அதில்தான் போகிறார்கள். தனியார் நிலம், கேட் போட்டு மூடணும் என்கிறார் மரக்கடை வைத்திருக்கும் தலைவர். அவரோடு சேர்த்து அந்தப் பக்கம் மூன்று பேர், எதிர்ப்பக்கம் மூன்று பேர். நடுவில் நான், மத்தளம் மாதிரி.

சாயங்காலம் எங்கள் தெருத் தையல்காரம்மா கிளினிக்குக்கு வந்தாள். பல்லுக்கு இல்லை.

"நீங்க சொன்னா கேப்பாங்க டாக்டர். துணி மூட்டையோட பெரிய ரோட்ல சைக்கிள் மிதிக்க முடியாது."

"என் பொண்ணே அந்த வழியாத்தானே போறா. மூட விடுவேனா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

மருந்து வாங்கப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்தில், மகளைப் பார்த்தேன். கூட நான்கைந்து பேர். ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு நேரம். மிஸ்டு காலும் சரியாக வந்திருந்தது. போய்ச் சேர்ந்தேன் என்றுதான் அது சொல்லும், எங்கே என்று சொல்லாது.

காரை நிறுத்தவில்லை. ராத்திரிச் சாப்பாட்டிலும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? எனக்குத்தான் பதினெட்டு ஆச்சே என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கினேன்.

கணக்கு இதுதான்: கிளப் ரோடு இல்லையென்றால் பெரிய ரோடு. பெரிய ரோடு கூடாது. அப்படியானால் கார். கார் என்றால் நான். இதை அங்கே சொல்ல முடியுமா? நீச்சல் குளத்துக் குழந்தைகள், பாதுகாப்பு என்று நீளமாகப் பேசினேன். தலைவர் முதுகில் தட்டினார்.

வீட்டில் மகளிடம், "நாலுக்கு மூணு. கைமீறிப் போச்சும்மா" என்றேன். நாலாவது கை யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 21

தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பின் சீட்டில் உட்கார்ந்து காதில் வயரைச் சொருகிக்கொள்கிறாள். வாடகைக் கார்க்காரரிடமாவது எங்கே நிறுத்தணும் என்று பேசுவார்கள். ஸ்கூட்டர் உறை போட்டு நிற்கிறது. நான் நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷம் மட்டும் வரக் காணோம்.

ஏப்ரல் 2, புதன்

தையல்காரம்மா பெரிய ரோட்டில் விழுந்துவிட்டாள். லாரி உரசிக்கொண்டு போனதாம், மூட்டையோடு சாய்ந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிவு. கிளினிக் நர்ஸ் சொன்னாள்.

வலது கை. தைக்கிற கை.

என்னடா பண்ணி வச்சிருக்கே.

ஏப்ரல் 3, வியாழன்

மகள் கிளினிக்குக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரம் பார்த்துத் தலைவர் பல் காட்ட வந்திருந்தார். "உங்க அப்பா ஒரு கை தூக்கலைன்னா அந்தக் கேட் வந்திருக்காதும்மா" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார். அவள் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எனக்காகவா?"

"பாலத்துல பாத்தேன்."

"அன்னிக்கு சார் வரலப்பா, கிளாஸ் இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. என்னைப் பூட்டத் தெரியாம எல்லாரையும் பூட்டிட்டீங்களே."

அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 7, திங்கள்

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. தையல்காரம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, பெரிய ரோடு வழியாக, ஆஸ்பத்திரிக்கு.

காரில் பின்னாலேயே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டாள். திரும்பும் முன் கண்ணாடி பார்த்தாள், கையும் காட்டினாள். பள்ளம் வந்தால் பின்னால் இருப்பவளுக்காக மெதுவாக இறக்கினாள். என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். எப்போது கற்றாள்? நான் பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இருக்கும். பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

மிஸ்டு கால் வரவில்லை.

ஏப்ரல் 13

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். கேட்டுக்குக் கை தூக்கியது நான்தான் என்றேன். தெரியும் என்றாள். நாற்காலியை நகர்த்திப் போட்டாள், இடது கையால்.

"எலும்பு கூடிடும் டாக்டர். ஊசியில நூல் கோக்க வருமான்னுதான் தெரியல."

மன்னிப்பு கேட்க மட்டும் என் வாய் திறக்கவில்லை. அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவன் நான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், பயம், எல்லாம். தலைவர் கொதித்துவிட்டார். "உங்க வீட்டுச் சண்டைக்குக் கிளப்தான் கிடைச்சுதா?" நியாயமான கேள்வி. மறுபடி வாக்கெடுப்பு. கேட்டைப் பகலில் திறந்துவைப்பது என்று முடிவாயிற்று. வெளியே வரும்போது யாரும் என்னோடு பேசவில்லை, ஜெயித்த பக்கம்கூட.

வீட்டில் சொன்னேன். "நல்லதுப்பா" என்றாள் மகள். ஒரே ஒரு தடவை.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் நடக்கப் போவதாகச் சொல்லி, கிளப் கேட் பக்கம் போய் நின்றேன். திறந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். தையல்காரம்மாவின் புருஷன் துணி மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், தலையசைத்தார். மகளின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரை வந்தது. அங்கிருந்து பெரிய ரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு போன் அடித்து நின்றது. என்னுடையது இல்லை. சமையலறையில், அவள் அம்மாவுடையது.

"சேந்துட்டா" என்றாள் அங்கிருந்தே, எனக்குக் கேட்கும்படி.