எலிசபெத்தின் வீட்டில் மூன்று மாதம்

அக்கா,

பக்கத்து வீட்டு மருமகளுக்குப் போன வாரம் பிரசவமானது. இன்று காலை அவர்கள் அடுக்களையிலிருந்து நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனை வந்தது. ஜன்னலருகே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். “என்னம்மா, பசிக்குதா?” என்று கேட்டான் என் மகன். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் நினைவு எப்படியும் வரும் நாட்கள்தான். இந்த முறை வாசனை முந்திக்கொண்டது.

பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டை ஒட்டிய அறைக்கு நான் குடிவந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளியில் ஆசிரியை. ராணுவத்திலிருந்த என் கணவர் கல்யாண விடுப்பு முடிந்து எல்லைக்குத் திரும்பியிருந்தார். அவரை நான் கட்டிக்கொண்டது பிடிக்காமல் என் பெற்றோர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். காலையில் தெரு நெடுக, தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலை நீட்டி விரித்து நீங்களெல்லாம் சிக்கெடுப்பீர்கள். நான் பள்ளிக்குப் போக வழியில்லாமல் நிற்பேன். “டீச்சர் போவட்டும், கொஞ்சம் தூக்கிப் புடி” என்று உங்கள் குரல்தான் முதலில் கேட்கும்.

கோடை விடுமுறை தொடங்கியபோது அந்தக் குரலைக் காணவில்லை. பாவு நீட்ட உங்கள் கணவரும் சின்ன மகளும் மட்டும் வந்தார்கள். உங்கள் கதவு சாத்தியே இருந்தது. எனக்கோ காலையில் எழுந்தால் வாந்தி. யாரிடம் கேட்பது? ஒரு நாள் துணிந்து உங்கள் கதவைத் தட்டினேன்.

பாதிக் கதவைத் திறந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் உங்கள் கண் விரிந்தது.

“இன்னாமா, முழுவாம இருக்கியா?”

எனக்கே நிச்சயமில்லாததை நீங்கள் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இரண்டு கையாலும் என்னை உள்ளே இழுத்து, சிரித்துக்கொண்டே வாயில் சர்க்கரை போட்டீர்கள். பெற்ற தாய்க்குச் சொல்ல முடியாத சேதியை இப்படி மகிழ்ந்து வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். அப்போதுதான் முந்தானை நழுவியது. உங்களுக்கும் வயிறு மேடிட்டிருந்தது.

“அஞ்சு மாசம் ஆவுதும்மா. நாப்பது தாண்டின வயசுல இந்தக் கூத்து. வெளியில தல காட்ட முடியல. பெரியவளுக்குக் கண்ணாலமாயி எத்தினி வருசம்! அவளுக்கு ஒண்ணும் தங்கல. ‘உங்கம்மாவுக்கு இருக்கறது உனக்கு இல்லியா’ன்னு அவ மாமியா கேக்கறாங்களாம். ஐயம்பேட்டையில இருந்து எம் பொண்ணே வந்து, ‘உனக்கு வெக்கமா இல்லியா’ன்னு எம் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுப் போயிட்டா.”

அதைச் சொன்னபோதுதான் உங்கள் சிரிப்பு நின்றது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த கதையைச் சொன்னேன். எங்கள் வேதத்தில் எலிசபெத்து என்று ஓர் அம்மா இருக்கிறார், வயதான பிறகு கருவுற்றவர், ஐந்து மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, அவரைத் தேடித்தான் இயேசுவின் தாய் மரியாள் சின்னப் பெண்ணாக மலைநாட்டுக்குப் போனாள் என்றேன். தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்த உங்கள் கை நின்றது.

“அந்தம்மாவும் ஒளிஞ்சிக்கினு இருந்தாங்களா? வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?”

“அவருக்குப் பேச்சே நின்னுபோச்சுக்கா. குழந்தை பொறக்கற வரைக்கும் ஊமை.”

உள்ளே தறி ஓடும் பக்கம் கண்ணைக் காட்டினீர்கள். “இங்கயும் அதே கததான்.” இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

“அந்தச் சின்னப் பொண்ணு எத்தினி நாளு இருந்துச்சி?”

“மூணு மாசம் இருக்கும்.”

“அப்ப நீயும் இங்கயே சாப்புடு. ஒண்டியா அடுப்பு மூட்டாத.”

அதுவரை எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் நட்சத்திரம், மேய்ப்பர்கள், ஞானிகள். எலிசபெத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுவேன். இப்போது வாசித்தால் அந்த வாசற்படியிலேயே நின்றுவிடுகிறேன். வந்த பெண்ணிடம் அவர் விசாரணை நடத்தவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை. தன் வீட்டில் ஆயிரம் பேச்சு இருந்தும், இன்னொருத்தியின் வயிற்றுப் பிள்ளைக்காக மகிழ்ந்தார். பாலனுக்கு முதல் வரவேற்பு கொடுத்தது பெத்லகேம் இல்லை அக்கா, அந்த வீடுதான்.

பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் தெருவில் நின்றீர்கள். முந்தானையை இழுத்துப் போர்த்தவில்லை. நான் பார்த்த பார்வைக்குப் பதில் சொன்னீர்கள்: “நீ வவுத்தத் தள்ளிக்கினு பள்ளிக்கூடம் போற. நான் மட்டும் இன்னாத்துக்கு உள்ளயே கெடக்கணும்?” எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் திரும்பவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது உங்களுக்குப் பெண் பிறந்தது. பெரியவள் ஆஸ்பத்திரிக்கு வந்து, வார்டு வாசலிலேயே நின்றாள். நீங்கள் குழந்தையை நீட்டினீர்கள். பிறகு வந்து வாங்கி, “மூக்கு என்னுதும்மா” என்று சொல்லி அழுதாள். அவளுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அந்தத் தங்கையைத்தான் தூக்கி வளர்த்தாள். உங்கள் கணவரோ அன்று தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்துக்கொண்டு ஓயாமல் பேசினார்.

டிசம்பரில் போர் மூண்டது. என் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில்தான் எனக்கு வலி கண்டது. மூன்று மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் உடன் வந்தீர்கள். மகன் பிறந்தான். மறுநாள் எனக்குக் கடும் காய்ச்சல். பால் சுரக்கவில்லை. அவன் அழுது அழுது குரல் கம்மிப்போனது. நீங்கள் யாரையும் கேட்கவில்லை. உங்கள் மகளை என் காலடியில் படுக்கவைத்துவிட்டு, அவனை எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள், “எந்த ஆளுங்க புள்ளைக்கு நீ பால் குடுக்கற, தெரியுமா?” என்று கேட்டார்.

“பசிக்குது அதுக்கு” என்றீர்கள். அவ்வளவுதான்.

காய்ச்சல் மயக்கத்திலும் அவன் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளையாக வந்த கடவுளும் இப்படித்தான் யாரோ ஊட்டினால்தான் உண்டு என்று கிடந்திருப்பார். அத்தனை பிரசங்கம் கேட்டும் உறைக்காதது அன்று உறைத்தது.

போர் ஓய்ந்த சேதியை வார்டு ரேடியோவில் கேட்டோம். கிறிஸ்துமஸ் அன்று குதிரை வண்டியில் என்னை வீட்டுக்கு அழைத்து வந்து, பால் சுரக்க நல்லெண்ணெயில் பூண்டு வதக்கிக் கொடுத்தீர்கள். பொங்கல் கழித்து என் கணவர் வந்தார். பேரனைப் பார்க்க என் பெற்றோரும் ஒருநாள் வந்தார்கள். என் அம்மாவுக்கு நீங்கள் இலை போட்டுப் பரிமாறினீர்கள்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று முன்னால் தோள் கொடுத்தவன் என் மகன். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெறச் சில வருடங்கள் இருந்தபோது, என்னைவிட இளையவளைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். மனம் வலித்தது. ஆனாலும் முதல் ஆளாகப் போய் அவள் கையைப் பிடித்து மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. வலியும் மகிழ்ச்சியும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் இருக்கும் என்பதை உங்களிடம் பார்த்திருந்தேன்.

இந்த வருடம் ஆராதனையில் வேதம் வாசிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். “எந்தப் பகுதிம்மா, மேய்ப்பர்களா?” என்றார் போதகர். “இல்லைங்க, அதுக்கு முன்னாடி. ரெண்டு பொம்பளைங்க சந்திக்கிற இடம்” என்றேன். அன்று என் காலடியில் படுத்திருந்த உங்கள் மகள், தன் பேரப்பிள்ளையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முன்வரிசையில் அவளுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும்.