வேட்டியைப் புதைத்த கல்லறை

அப்பா,

கொல்லையில் தம்பி சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருக்கிறான். வாளியில் அது கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறுகிறது. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். “அக்கா, தாத்தா கல்லறைக்கு இந்த வாட்டியும் ரெண்டு கோட்டிங்தான?” என்று கேட்டான். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? திட்டு வாங்க வேண்டிய ஆள் நீங்கள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தாத்தா கல்லறைக்குள் தாத்தா இல்லை என்பது எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அதை நீங்கள் மறைத்ததில்லை. சாமியார் வர முடியாத ஊர்களில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர், மலைக்குச் செபம் சொல்லப் போன இடத்தில் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, கரையில் பையும் செருப்பும்தான் கிடைத்தன, உடம்பு கிடைக்காததால் அவருடைய வேட்டியையும் செபப் புத்தகத்தையும் வைத்துப் புதைத்தோம் என்பீர்கள். வருஷாவருஷம் சுண்ணாம்பு மட்டையை என் கையில் கொடுத்து, “மேலருந்து கீழ இழு. சொட்டு வுடாத. செத்தவங்களுக்கு நம்மள வுட்டா யாரு கீறாங்க?” என்பீர்கள். அப்புறம் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுவீர்கள். உங்களைப் பார்த்து நானும் அழுவேன். முகம்கூடப் பார்க்காத ஒரு மனுஷனுக்காக நாற்பது வருஷம் அழுதிருக்கிறேன், அப்பா!

நம் கோயிலுக்கு விழா மலர் போடுகிறார்கள். நான் டீச்சர் ஆயிற்றே, பழைய உபதேசியார்களைப் பற்றி எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டார். தாத்தாவுக்கு மட்டும் நாலு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கள்ளக்குறிச்சியில் ஒரு காலத்தில் அச்சாபீஸ் வைத்திருந்தவர் வீட்டு மச்சில் பழைய பேப்பர் கட்டுகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு புரட்டினேன். வெள்ளச் செய்தி கிடைத்தது. ‘உபதேசியார் பலி’ என்று போட்டிருந்தார்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மற்ற உபதேசியார்களைத் தேடி அடுத்தடுத்த கட்டுகளை அவிழ்த்தேன். கல்லில் வெட்டியிருக்கிற தேதிக்கு மூன்று வருஷம் கழித்து வந்த பேப்பரில், மூன்றாம் பக்கத்து மூலையில் இருந்தது: ‘கரியாலூர் அருகே சாராய ஊறல் அழிப்பு. ஒருவர் கைது.’ பெயர் சவரிமுத்து, தாத்தா பெயர். ஊர் நம் ஊர். ‘முன்னாள் உபதேசியார்’ என்று வேறு. செத்தவர் கையில் விலங்கு மாட்டியிருக்கிறார்கள்!

அந்தப் பேப்பர் அந்தக் காலத்திலிருந்தே நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ராசிபலனைத் தவிர ஒரு வரி விடமாட்டீர்கள் நீங்கள்.

அடுத்த லீவு நாளில் மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் பஸ் ஏறினேன். டீக்கடைக்காரரிடம் பெயரைச் சொன்னதுமே பிடித்துக்கொண்டார். “சாராயக் கோயிலாரா? ஊறலும் போடுவாரு, மாதா பாட்டும் பாடுவாருன்னு எங்கப்பா சொல்லிக்கினே இருப்பாரு. அவரு பொண்ணு அதோ, அந்த ஓட்டு வூட்லதான் கீது.”

பொண்ணா! அந்த ஓட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.

பெயர் சின்னப்பொண்ணு. உங்கள் மூக்கு, உங்கள் நெற்றி. என்னைவிட ஏழு வயசுதான் மூத்தவர். நான் யாரென்று சொன்னதும் சிரித்தார். “ஒன்ன நான் பாத்துக்கீறேன். சன்னலாண்ட நின்னுக்கினு என் தேன் பாட்டிலையே பாத்துக்கினு இருந்த.”

எனக்கு எட்டு வயசு அப்போது. வாசலில் பாவாடை தாவணியில் ஒரு பெண், கால் முழுக்கப் புழுதி, கையில் தேன் பாட்டில். ஏதோ சொல்லி அழுதது. நீங்கள் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு அதை எங்கேயோ அழைத்துக்கொண்டு போனீர்கள். தனியாகத் திரும்பி வந்தீர்கள். யாருப்பா அது என்று கேட்டதற்கு, “தேன் விக்க வந்தவ” என்றீர்கள். அந்தத் தேனை ஒரு மாசம் தோசைக்குத் தொட்டுத் தின்றோம்.

அது எதற்கு வந்தது என்று இப்போது சின்னப்பொண்ணு அத்தை வாயால்தான் கேட்டேன். “அப்பா உசுரு போவச்சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. எங்கூரு கோயிலு மணி கேக்கற எடத்துல என்னப் பொதைங்கன்னு. இங்க ஒடம்ப வெச்சிக்கினு எல்லாரும் குந்தினு இருந்தாங்க. நான் மொத பஸ்ஸுல ஓடியாந்தேன்.”

“எங்கப்பா இன்னா சொன்னாரு?”

“கல்லறைக்கு இட்டுக்கினு போனாரு. ‘பாரு, எங்கப்பா செத்து பதினாறு வருசம் ஆவுது, நீ ஆளு மாறி வந்துட்ட’ன்னு கல்லக் காட்னாரு. மலைக்காரப் பொண்ணுக்குப் படிப்பு ஏதுன்னு நெனச்சிக்கினாரு போல. எனக்குப் படிக்கத் தெரியும். அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு. கல்லுல அவரு பேரப் படிச்சேன். ஒரு கும்புடு போட்டுட்டு கடசி பஸ்ஸுக்கு வந்துட்டேன்.”

எப்படி அப்பா மனசு வந்தது? தாத்தா யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. கரையில் பையையும் செருப்பையும் போட்டுவிட்டு, உங்களையும் உங்கள் அம்மாவையும் நட்டாற்றில் விட்டு ஓடிய ஆள் அவர். பேப்பரில் பார்த்துவிட்டு வாய் மூடிக்கொண்டதைக்கூட விடுகிறேன், ஊர் சிரித்திருக்கும். ஆனால் அப்பன் பிணத்தை மலைமேல் போட்டுவிட்டு, அண்ணா என்று கூப்பிட வந்த பதினைந்து வயசுப் பெண்ணிடம் வெறும் கல்லைக் காட்ட எப்படி முடிந்தது? செத்தவங்களுக்கு நம்மள வுட்டா யாரு என்று அதற்கப்புறமும் எந்த வாயால் சொன்னீர்கள்? ஒரு வேட்டிக்கு இரண்டு கோட்டிங் அடிக்கத் தெரிந்தவருக்குப் பெற்றவனுக்கு ஆறடி மண் கொடுக்கத் தெரியவில்லை. போதாததற்கு, “எங்கப்பா பக்கத்துலயே என்னயும் வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினீர்கள். நாங்களும் வைத்தோம். உங்கள் பக்கத்தில் யாருமே இல்லை, அப்பா.

இதையெல்லாம் அத்தையிடமும் கத்தினேன். அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சாமைச் சோறு போட்டார். “வுடு. எனக்கு அப்பா இருந்தாரு. அண்ணனுக்கு அந்தக் கல்லுதான இருந்துச்சி. அதையும் நான் புடுங்கிக்கவா?” என்றார்.

அந்தச் சோற்றைத் தின்று முடித்தேன். ஆனால் கோபம் தணியவில்லை, கூடித்தான் போயிற்று. இப்படி ஒரு தங்கச்சியை வாசலோடு அனுப்பிவிட்டீர்களே!

கொல்லை ஓரத்தில் தாத்தாவைப் புதைத்த இடத்தைக் காட்டினார். கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள், பெயர் கிடையாது. மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் செபமும் இருக்கிறது, ஊறலும் இருக்கிறது, மகள் சின்னப்பொண்ணு என்றும் இருக்கிறது. “அப்பா மானம் போவும்க்கா” என்கிறான் தம்பி. போகட்டும்.

கல்லறைத் திருநாளன்று காலையில் உங்களுக்கு ஒரு கோட்டிங் அடிப்பேன். அந்த வேட்டிக்குக் கிடையாது. கோயில் மணியைச் செல்போனில் பிடித்துக்கொண்டு, மீதிச் சுண்ணாம்பை மூடி போட்டு வாளியோடு கரியாலூர் பஸ் ஏறுகிறேன். அத்தை வாசலில் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பு அடித்து அவருக்குப் பழக்கமில்லையாம், நான்தான் காட்ட வேண்டும். மேலிருந்து கீழே இழுக்கணும், சொட்டு விடக்கூடாது. எனக்குத் தெரிந்தது அதுதான், அதை நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்.