இடுப்போரம் ஒரு வட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டுப் பேர். பாதிக்கு மேல் படர்தாமரை. தையல்காரப் பெண் ஒருத்திக்கு முகம் வெந்தது போலச் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை ஆறு மாதமாகப் பூசியிருக்கிறாள். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "யார் சொல்லி இதைப் போட்டீங்க?" நான் அதைக் கேட்கும் விதத்துக்கே பாதிப் பேர் அழுதுவிடுகிறார்கள் என்று டோக்கன் அக்கா சொல்கிறாள். வாசலில் நின்று எண்ணைக் கூப்பிடுகிறவள் அவள். கிளினிக்கின் நாட்டாமையும் அவள்தான்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவர் இடுப்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். நாள் முழுக்கக் குளோரின் தண்ணீரில் நின்று குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவருக்குத் தோல் வறளாமல் என்ன செய்யும்? மருந்துக் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன களிம்பு டியூப் ஒன்று பையில் கிடந்தது. எடுத்து மேசைமேல் தள்ளிவிட்டேன். போனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அரிப்பு சுத்தமாக நின்றுவிட்டதாம். வீட்டிலேயே டாக்டர் இருப்பது எவ்வளவு வசதி என்றார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

மறுபடி அரிக்கிறதாம், டியூப் தீர்ந்துவிட்டதாம், போன் செய்தார். இரண்டாவது அலமாரியில் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரே நோயாளி.

மார்ச் 28, சனி

இவருக்கு என்ன ஆயிற்று? வீட்டிலும் முழுக்கைச் சட்டை. புழுக்கமாக இருக்கிறதென்று கூடத்தில் போய்ப் படுக்கிறார். பதினாறு வருடத்தில் இல்லாத புழுக்கம். நான் சுருக்கென்று ஏதாவது சொல்லிவிட்டேனா? இந்த வாரம் நாங்கள் பேசியதே பத்து வாக்கியம் இருக்காது. அதில் சுருக்கென்று சொல்ல இடம் ஏது?

ஏப்ரல் 1, புதன்

மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. நீச்சல் குளத்தில் மோட்டார் ரிப்பேராம்.

ஏப்ரல் 4, சனி

மோட்டார் ரிப்பேர் இல்லை.

துண்டைத் துவைக்கப் போடலாமென்று அவருடைய நீச்சல் பையைத் திறந்தேன். அடியில் நான்காக மடித்த மருந்துச் சீட்டு. என்னோடு தோல் வைத்தியம் படித்த தோழியின் கையெழுத்து. பரீட்சைக்கெல்லாம் அவள் நோட்டை வைத்துத்தான் படித்தேன், எனக்குத் தெரியாதா? படர்தாமரை. இடுப்பு, முதுகு, இரண்டு கைகள். ஸ்டீராய்டு களிம்பால் உருமாறிப் பரவியிருக்கிறது. குணமாகும்வரை குளத்தில் இறங்கக் கூடாது. அதற்குக் கீழே ஒரு வரி: மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிப் பூசியதாகச் சொல்கிறார்.

தானே வாங்கினாராம்.

அந்தக் கேள்வியை அவளும் கேட்டிருக்கிறாள். என் பேரைச் சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. என்னைக் காப்பாத்த அங்க உக்காந்து திட்டு வாங்கியிருக்கார் மனுஷன். நான் என்ன பண்ணினேன்? பாக்கவே இல்லையே - எழுந்து நாலு அடி வெச்சு, லைட்டைப் போட்டு, சட்டையைத் தூக்கிப் பாக்கல. ஓரம் தடிச்ச வட்டம் அப்பவே இருந்திருக்கும். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லியிருக்கலாம். ஊர்ல இருக்கறவங்க தோலையெல்லாம் லென்ஸ் வெச்சுப் பாக்கறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஒரு குழந்தையின் அம்மா இவர் கையைப் பார்த்துவிட்டு மேலாளரிடம் போயிருக்கிறாள். மேலாளர் தன்மையாகத்தான் சொன்னாராம்: மே முடிவதற்குள் குணமாகிவிட்டதென்று டாக்டர் கடிதம் வந்தால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான். தண்ணீரைத் தவிர இவருக்கு வேறென்ன தெரியும்?

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீ குடுத்த மருந்தாலதான்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டே." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரெண்டு தடவை காட்டத்தான் வந்தேன். நீ போன்ல இருந்தே."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வரச் சொன்னேன், டோக்கன் எடுத்துக்கொண்டு. வைத்தியம் தோழியே பார்க்கட்டும். நான் ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும். வீட்டில் நான் பார்க்கிற லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

ஏப்ரல் 7, செவ்வாய்

டோக்கன் பதினேழு.

டோக்கன் அக்கா நேரே உள்ளே அனுப்பப் பார்த்திருக்கிறாள். இவர் மறுத்துவிட்டு ஒரு மணி நேரம் வரிசையில் இருந்திருக்கிறார். உள்ளே வந்து நோயாளிக்கான முக்காலியில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, விளக்கைத் திருப்பினேன்.

முதுகில் தோள்பட்டை வரை போயிருக்கிறது. ஓரமே தெரியாமல், திட்டுத் திட்டாக, சிவந்தும் கறுத்தும். இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சட்டைக்குள் வெந்திருக்கிறார். செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மருந்து ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நூல் நூலாகப் பூஞ்சை. அவரையும் பார்க்கச் சொன்னேன். இத்தனூண்டா என்னைத் தண்ணீரில் இறங்க விடாமல் செய்தது என்று ஆச்சரியப்பட்டார்.

பிறகு அந்தக் கேள்வி. கேட்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

"யார் சொல்லி அந்தக் களிம்பைப் போட்டீங்க?"

"வீட்டுல ஒரு டாக்டரம்மா குடுத்தாங்க."

"அவங்க பாத்துட்டுக் குடுத்தாங்களா?"

கையுறை போட்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டைக் கூப்பிடலாமா என்று டோக்கன் அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தோழிக்குப் போன் செய்து அந்த வரியை மாற்றி எழுதச் சொன்னேன். களிம்பு கொடுத்தது மனைவி; பார்க்காமலே கொடுத்தது. அவள் தன் அம்மாவுக்குத் தானும் இப்படித்தான் செய்ததாகச் சொன்னாள்.

ஏப்ரல் 11, சனி

ஸ்டீராய்டை நிறுத்தியதில் அரிப்பு இரட்டிப்பாகிவிட்டது. நோயாளிகளிடம் "பத்து நாள் பொறுத்துக்கோங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். பத்து நாள் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. கை எட்டாத முதுகுக்கு நான்தான் மருந்து போடுகிறேன். தனித் துண்டு, தனிப் போர்வை. ஆனால் கூடத்துப் பாயை எங்கள் அறைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

வலது தோளில் நிறம் திரும்புகிறது. எனக்கு ஒட்டவில்லை. லென்ஸ் வைத்து முழங்கை வரை பார்த்துச் சொன்னவர் இவர். நீச்சல் வாத்தியாருக்குக் கைராசி இருக்கிறது.

மே 19, செவ்வாய்

தோல் தெளிந்து இரண்டு வாரமாகியும் மருந்தை நிறுத்தவில்லை. இன்று சுரண்டிப் பார்த்ததில் ஒன்றுமில்லை. தோழி கடிதம் கொடுத்துவிட்டாள். நான் எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

மே 21, வியாழன்

குளத்தோரம் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வயசு இருக்கும், ஒரு பெண் குழந்தை இவர் உள்ளங்கைமேல் மல்லாந்து மிதந்தது. பக்கத்தில் அதன் அம்மா. அன்று புகார் சொன்னவள் அவள்தான் என்று பிறகு சொன்னார். நல்ல பார்வை அவளுக்கு.

ஜூன் 9, செவ்வாய்

நாற்பத்திரண்டு பேர். ஒரு பெரியவர் யாரோ கொடுத்த களிம்பைக் காட்டினார். திட்டவில்லை.

சாப்பிடும்போது இவர் முழங்கையைச் சொறிந்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

"கொசுதான். உக்காந்து சாப்பிடு."

"காட்டுங்க."

விளக்கைப் போட்டு லென்ஸை எடுத்து வந்தேன். டோக்கன் எடுக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்.

பார்த்தேன். கொசுதான்.