அடியில் ஆறு ஓட்டைகள்

பாய்,

போன ஞாயிற்றுக்கிழமை பூநாரை பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு வண்டி வந்திருந்தது. சக்கரமே என் இடுப்புக்கு இருந்தது. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கறுப்புக் குழாய் ஒன்று கூரைவரை ஏறியிருந்தது, தண்ணீரில் இறங்கினாலும் இஞ்சின் மேலே மூச்சு விடுவதற்கு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் ஜீப்புக்குப் பழைய பம்பு செட்டுக் குழாயை வளைத்து நீங்கள் அதையேதான் செய்தீர்கள்.

வண்டியை ஓட்டி வந்தவர் கால் வைக்கும் விரிப்பை எடுத்து மணலை உதறினார். விரிப்பு இருந்த இடத்தில், தகட்டில், வட்டமாக ஒரு ரப்பர் மூடி. உள்ளே சிந்தியிருந்த தண்ணீர் வடியட்டும் என்று அதைப் பிடுங்கினார். ஓட்டை வழியாகக் கீழே ஏரிக்கரை மணல் தெரிந்தது. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே படகு விடுகிற என் தம்பி மகன், வெயிலில் மயக்கம் என்று நினைத்து மோர் வாங்க ஓடினான். வெயில் என்னை என்ன செய்யும்? நாற்பது வருஷத்துக்கு மேல் நெஞ்சுக்குள் வைத்திருந்தது தொண்டைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் நானும் தம்பியும் சேர்ந்து மிலிட்டரியில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தோம். எங்கள் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் மேட்டில் இருக்கிறது. எறாலுக்கு விலை வந்திருந்த காலம். படகில் ஏற்றிப் பழவேற்காட்டுக்குக் கொண்டு போகக் காற்று ஒத்துழைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழி ஊன்றிப் போய்ச் சேர்வதற்குள் எறாலின் தலை கறுத்துவிடும், வியாபாரி முகத்தைச் சுளிப்பான். ஏரி வற்றிய மாதங்களில் முழங்கால் தண்ணீரில் நடந்தே கடக்க ஒரு வழி உண்டு. நடக்கிற வழியில் வண்டி போகாதா என்று நானும் தம்பியும் பேசிப் பேசித்தான் அதை வாங்கினோம்.

உங்களிடம் கொண்டு வந்தபோது மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஐஸ் பெட்டிக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம் என்று உங்கள் வீட்டைச் சொல்வார்கள். உங்கள் பங்குக்கு வந்தது அந்தப் பேர் மட்டும்தான். மெட்ராஸில் மிலிட்டரி வண்டிகளைப் பிரித்து மாட்டும் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் நீங்கள். ஊரில் பிரித்து மாட்ட வண்டிதான் இல்லை. ஜீப்பை மூன்று சுற்று சுற்றி வந்தீர்கள். படுத்து அடியைப் பார்த்தீர்கள்.

"இத்த ஏரில ஓட்டலாம் நைனா. ஆனா நான் சொல்றபடி கேக்கணும்."

கேட்கிறேன் என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கே என்னை பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போய் ஒரு காலி மனையைக் காட்டினீர்கள். இந்த ஜீப் ஏரியைத் தாண்டினால் மற்ற குப்பத்துக்காரர்களும் வண்டி வாங்குவார்கள், அவர்களுக்கும் கட்டிக் கொடுக்க வேண்டும், அப்போது பட்டறை இங்கேதான் என்றீர்கள். வாசல் எந்தப் பக்கம் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தீர்கள். எனக்கு அந்த ஜீப் எறால் ஏற்ற ஒரு வண்டி. உங்களுக்கு அது என்ன என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. இதை நான் மறைக்க முடியாது.

இரண்டு மாத வேலை. தகட்டை வெட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டம்மா கூடை முடைய வைத்திருந்த பனையோலையை எடுத்து, அதே அளவில் வெட்டி, ஜீப்பின் மேல் வைத்துப் பார்ப்பீர்கள். அவர் திட்டுவார். "ஓல தப்புனா அடுப்புக்குப் போவும், தகடு தப்புனா பேரிச்சம்பழத்துக்குத்தான் போவும்" என்று அவரிடம் சமாதானம் சொல்வீர்கள். காற்றுக் குழாயோடு புகைக் குழாயையும் தலைக்கு மேலே ஏற்றினீர்கள். மின்சார ஒயர்களுக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி கிரீஸ் அப்பினீர்கள். தண்ணீரில் இறங்குமுன் பேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இஞ்சின் மேலேயே தண்ணீரை வாரி இறைக்கும் என்று எனக்குப் பழக்கினீர்கள். முன்னால் கயிறு சுற்றி இழுக்க ஓர் உருளை. இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டிய நீளத் தகடுகள். மணலில் சக்கரம் புதைந்தால் அவற்றைக் கீழே போட்டு ஏறலாம், கரைக்கு வந்தால் அதன் மேலேயே எறாலைக் கொட்டிப் பிரிக்கலாம். என் தம்பி அந்தத் தகடுகளைப் பெண்டாட்டியைவிட அதிகமாகத் தேய்த்துக் கழுவினான் என்று குப்பத்தில் கேலி செய்தார்கள்.

பக்கவாட்டில் அலை அடித்து உள்ளே வராமல் முழங்கால் உயரத்துக்குத் தகடு அடைத்தீர்கள். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது துளைக்கருவியை எடுத்துத் தரையில் ஓட்டை போட ஆரம்பித்தீர்கள். நாலணா அளவில் ஆறு ஓட்டை.

"இன்னா பாய், மேல அடைச்சிட்டு அடில தொறக்குறீங்க?"

"மேல வர்றது அலை. அது எறால அடிச்சிக்கினு பூடும். அடில வர்றது பொறுமையா வரும், பொறுமையா போவும். தண்ணி உள்ள வந்தாதான் நைனா வண்டி தரையில நிக்கும்."

"தண்ணியப் பத்தி எனக்கா சொல்றீங்க?"

நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த ஓட்டையைப் போட்டீர்கள்.

ஜீப் ஓடியது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இறங்கினால் தண்ணீர் உள்ளே வந்து கணுக்காலைத் தொடும், கடல் தண்ணீர் ஏறும் நாளில் முழங்கால்வரை வரும், அக்கரையில் ஏறினால் ஆறு ஓட்டை வழியாகவும் கொட்டிவிடும். ஒரு படகு அரை நாளில் சுமந்து போய்ச் சேர்ப்பதை நாங்கள் ஒரு மணி நேரத்தில் கொண்டு போனோம். பக்கத்துக் குப்பங்களிலிருந்து இரண்டு பேர் உங்களிடம் வந்து விசாரித்துவிட்டும் போனார்கள்.

ஆனால் எங்கள் ஜனத்துக்கு அது பொறுக்கவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை என்பதுதான் உண்மை. அடியில் ஓட்டை உள்ள எதையும் நாங்கள் தண்ணீரில் இறக்க மாட்டோம். பலகை இடுக்கில் ஊசி நுழைகிற சந்து இருந்தாலும் பஞ்சு திணித்துத் தார் பூசுகிறவர்கள். நான் கரையேறும்போதெல்லாம் "ஓட்ட ஜீப்பு வந்துச்சி" என்று கூப்பிடுவார்கள். கீழ் வரிசைக் கூடையில் உப்புத் தண்ணீர் பட்டு ஐஸ் கரைகிறது என்று உங்களிடம் வந்து புலம்பினேன். பலகை போட்டுக் கூடையை உயர்த்தி வை, ஓட்டையை மட்டும் தொடாதே என்றீர்கள்.

ஒரு மத்தியானம் தம்பி வலை பார்க்கப் போயிருந்தான். நான் பூவரசங்கட்டையில் ஆறு தக்கை செதுக்கினேன். பஞ்சு சுற்றி, தாரில் தோய்த்து, ஜீப்புக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாக அடித்து ஏற்றினேன். என் கைவேலை சுத்தமாக இருந்தது. எழுந்து கையைத் துடைத்தபோது ஒரு நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது.

மறுநாள் பௌர்ணமிக்கு அடுத்த காலை. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அளவுத் தண்ணீரில் முன்பும் போயிருக்கிறோம். பாதி வழியில் ஸ்டீரிங் என் கையில் லேசாகிவிட்டது. சக்கரம் சுற்றியது, வண்டி போகவில்லை, மிதந்தது. படகு தரையைவிட்டுக் கிளம்பும்போது உடம்புக்கு ஒரு சுகம் தெரியும், அது எங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த சுகம். ஒரு கணம் எனக்கு அந்தச் சந்தோஷம் வந்தது பாய். அதற்குள் ஜீப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்துவிட்டது. தம்பி கயிற்றோடு குதித்து இழுத்துப் பிடிக்கப் பார்த்தான். வண்டி அவனைத் தள்ளிக்கொண்டு போய், வலை கட்ட நட்டிருந்த மரத்தில் அவன் காலை வைத்து நசுக்கியது. அப்புறம் ஆழமான பக்கம் போய்ச் சாய்ந்து முழுகியது.

தம்பியைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அடுத்த நாள் நீங்கள் வந்து, இரண்டு படகையும் இருபது ஆளையும் வைத்து, நீங்கள் செய்த அந்த உருளையிலேயே கயிறு கட்டி ஜீப்பைக் கரைக்கு இழுத்தீர்கள். உள்ளே விளிம்புவரை தண்ணீர். அது ஏன் வடியவில்லை என்று நீங்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தீர்கள். குறட்டை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தீர்கள். ஒவ்வொரு தக்கையாகப் பிடுங்கப் பிடுங்க, ஆறு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கரையில் நின்றவர்களுக்குத் தக்கை தெரியவில்லை. தண்ணீர் கொட்டுவதுதான் தெரிந்தது.

"பாருங்க, பாருங்க. இம்மாம் பெரிய ஓட்ட போட்டு வச்சிக்கீறான். முழுவாம இன்னா பண்ணும்?" என்று தம்பி பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "உன் ஓட்ட டப்பாவால என் புருஷன் கால் போச்சே."

நீங்கள் வெளியே வந்தீர்கள். கையில் ஆறு தக்கை. என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

ஊர்க்கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கோயில் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் பை புடைத்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

"இன்னாத்துக்கு அடில ஓட்ட போட்டே?"

"தண்ணி உள்ள வர்றதுக்கு."

கூட்டமே சிரித்தது. நீங்கள் என் பக்கம் திரும்பி, "நைனா, நீ சொல்லு" என்றீர்கள்.

என் அம்மா உட்கார்ந்திருந்தாள். தம்பி பெண்டாட்டி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் தம்பி காலை ஒடித்தவன் நான் என்று ஆகும். ஒரே வீட்டில் அதற்கப்புறம் எப்படிச் சோறு தின்பது என்றுதான் என் புத்தி போனது.

"பாய் போடச் சொன்னாரு, போட்டோம்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கேவலமான ஒன்றை நான் அதுவரை பேசியதில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. நீங்கள் பையில் கைவிட்டிருந்தால் போதும். விடவில்லை. "வேற கேக்கணுமா?" என்று அவர்களிடம் கேட்டுவிட்டு நடந்து போனீர்கள்.

விசாரித்துவிட்டுப் போன இரண்டு பேரும் பிறகு உங்கள் பக்கம் வரவில்லை. ஐஸ் பெட்டிக்குக் கீல் வைக்கக்கூட எங்கள் குப்பங்களிலிருந்து யாரும் வரவில்லை. மறு வருஷம் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் குடும்பத்தோடு எளாவூர்ப் பக்கம் போய்விட்டீர்கள். இஞ்சினை உப்புத் தின்றுவிட்டது. ஜீப் கடைசியில் நீங்கள் சொன்ன பேரீச்சம்பழத்துக்குத்தான் போனது. பஸ் நிற்கும் இடத்தில் நீங்கள் காட்டிய மனை வெகுகாலம் காலியாகவே கிடந்தது. பொன்னேரிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் அந்தப் பக்கம் உட்காராமல் இருக்கப் பழகினேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள், சொல்லிவிடுவது என்று முடிவு செய்து எளாவூர் வந்தேன். செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளுக்குக் கருவிப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள். தலை நரைத்திருந்தது. "வா நைனா" என்று பழையபடியே கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னீர்கள். தம்பி கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டீர்கள். சற்றுக் குட்டையாகச் சேர்ந்திருக்கிறது, நடக்கிறான் என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் நீங்கள் செய்துகொண்டிருந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். மழைத்தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குக் கீழே காசு அளவு தகடு ஒன்று கம்பியில் தொங்கியது. தக்கை அடிக்க முடியாதபடி அது குறுக்கே நின்றது.

"இன்னா பாய் இது?"

நீங்கள் நிமிராமலே சொன்னீர்கள்: "ஓட்டயப் பாத்தா ஜனம் அடைக்கும் நைனா. அவங்க கொணம் அது. அத்த யோசிக்காம ஓட்ட போட்டவன் மேலதான் தப்பு."

என்னைத் திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். நான் செய்ததை உங்கள் வேலையில் இருந்த குறையாக்கி, அதைத் திருத்தவும் திருத்தி, எனக்கு ஒரு வாசலையும் திறந்துவைத்துவிட்டு ரிவிட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். டீயைக் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தேன். அந்த பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ரோட்டோரம் அந்த ஒரு மணி நேரமும் நின்றேன், உங்கள் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

நீங்கள் போனது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். மீன் எடுக்க வந்த எளாவூர்க்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிக்காரர் ஏரியில் இறக்கிப் பார்க்கக் கிளம்பினார். நான் எழுந்து போய், "அந்த மூடி எல்லாத்தையும் கழட்டிட்டுப் போப்பா" என்றேன். தண்ணீர் உள்ளே வந்துவிடுமே என்றார். "வரட்டும். உள்ள வந்தாதான் வண்டி தரையில நிக்கும்" என்றேன். யார் சொன்னது என்று கேட்டார்.

சொன்னேன் பாய். உங்களைச் சொன்னேன், பனையோலையைச் சொன்னேன், ஆறு ஓட்டையைச் சொன்னேன், அடைத்தது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தம்பி மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஜீப்பு பெரிப்பா?" என்று கேட்டான். அவன் அப்பா காலை நொண்டி நடந்தது படகில் வழுக்கி விழுந்ததால் என்றுதான் அவனுக்குத் தெரியுமாம். தம்பி இப்போது உயிரோடு இல்லை, அவன் பெண்டாட்டியும் இல்லை. அன்றைக்குச் சிரித்த கூட்டத்தில் ஒருத்தராவது நிற்கிறாரா என்று கரையெல்லாம் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

வண்டிக்காரர் பெரியவர் பேச்சைத் தட்ட வேண்டாம் என்று மூடிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வண்டி இறங்கியது. கதவுவரை தண்ணீர் ஏறியது. தரையைவிட்டு அசையாமல் அக்கரைக்குப் போய் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மூடிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன், அன்றைக்கு நீங்கள் நின்றபடி. கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்து, கையை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் பையில் இருந்த ஆறு தக்கையையும் கேட்டு வாங்க நான் வரவேயில்லை.