கிணற்றுத் தண்ணீரின் பூர்வீகம்

சாந்தோம்,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் ஈவ்லினுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. அந்தக் குளிர்க்காட்டில் ஆராய்ச்சிக்காக ஓடை ஓடையாய் இறங்கித் தண்ணீர் மொள்ளும் உனக்கு நல்ல பூட்ஸ் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் சொல்ல முகமில்லாத விஷயம் ஒன்று, அதனால்தான் கடிதம்.

நம் குடியிருப்புக் கிணற்றில் நைட்ரேட் அதிகம் என்று பரிசோதனைச் சீட்டு வந்ததும் சங்கச் செயலாளர் ஆஸ்டின் கூட்டம் போட்டு ஐந்தே நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். வாசலில் இருபது வருடமாக மீன் விற்கும் லூர்துமேரிதான், மீன் கழுவிய தண்ணீர் இறங்குகிறதாம். நான் சும்மா இருந்திருக்கலாம். நைட்ரேட் மழையில் வந்ததா, மண்ணில் விளைந்ததா, உரமா, கழிவா என்று ஐசோடோப் என்கிற அணு எடை வித்தியாசத்தை வைத்தே என் மகள் சொல்லிவிடுவாள் என்று பெருமையடித்தேன். உடனே உனக்கு ஒரு பாட்டில் அனுப்பத் தீர்மானம். முதல் பாட்டிலை நீ ஏன் ஏற்கவில்லை என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் போகிற தண்ணீராயிற்றே என்று அம்மா சீரகம் போட்டுக் காய்ச்சி வடிகட்டியிருந்தாள்.

இரண்டாவது பாட்டிலுக்கு நீ அனுப்பிய முடிவை ஆஸ்டின் கூட்டத்தில் வாசித்தார். மழையல்ல, உரமல்ல, கழிவுதான், ஆனால் மனிதக் கழிவா மாட்டுச் சாணமா என்றோ, எந்த வீடு என்றோ இதை வைத்துப் பிரிக்க முடியாது என்றிருந்தாய். கதவு எண் தெரியாத விஞ்ஞானம் என்ன விஞ்ஞானம் என்று மூன்றாம் மாடிக்காரர் வருத்தப்பட்டார். மாடு பிராணி, மீனும் பிராணிதானே என்று ஆஸ்டின் தீர்ப்பளித்தார். பன்னிரண்டு வீட்டுக் கழிப்பறைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. லூர்துமேரி மட்டும், "நான் கழுவுற தண்ணி தெருவுல போவுது சார், உள்ள கீற கெணத்துக்கு அதுக்கு இன்னா வழி?" என்று கேட்டாள். கூடையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

வழி எனக்குத் தெரியும், மகளே. நான் செயலாளராக இருந்தபோது கழிவுத்தொட்டிச் சுவர் கிணற்றுப் பக்கம் விரிசல் விட்டிருப்பதைக் கொத்தனார் காட்டினார். கிறிஸ்துமஸ் நேரத்தில் தோண்டினால் நாறுமே என்று மேலே சிமெண்ட் பூசி, அதன் மீதே குடில் ஜோடித்தேன். பங்குக் கோயில் போட்டியில் அந்தக் குடிலுக்குத்தான் முதல் பரிசு.

வாசல் வெறிச்சென்று கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் போன வாரம் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். தொட்டியைத் தோண்டுகிறார்கள், ஆஸ்டின் என்னோடு பேசுவதில்லை. லூர்துமேரியைத் தேடிப் பட்டினப்பாக்கத்துக்கே போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, "தெரிஞ்சிக்கினே குந்திக்கினு இருந்தியா சார்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆண்டவர் உன்னை ஓடைக்கரையிலும் காப்பாராக. காலை ஈரத்தில் வைக்காதே. லூர்துமேரி மகள் ஏஞ்சலின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மறக்காமல் கூப்பிடு. வாசலில் அவள் அம்மாவின் இடம் அப்படியே இருக்கிறது என்று நீ சொல். நான் சொன்னால் இனி நம்பமாட்டார்கள்.

உன் அப்பா,
ஞானதாஸ்