பினாங்குக் கப்பலில் என் இடம்

1956 பிப்ரவரி 6, திங்கள். திண்டுக்கல்

காலையில் கடும் பனி. எட்டு மணி வரை மலைக்கோட்டை தெரியவில்லை.

பினாங்கிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பிய அனுமதிக் கடிதம் இந்த மாதக் கடைசி வரைதான் செல்லும். கப்பல் 14ஆம் தேதி, நாகப்பட்டினத்தில். இதை விட்டால் மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி காத்திருந்து... ஏழு வருடம் போதும். நூர்ஜஹானுக்கு எட்டு வயது. அத்தா முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

அண்ணன் இன்றைக்கும் அதே பேச்சு. "ஆம்பளைத் துணையில்லாம கப்பல் டெக்கில, வெட்டவெளியில படுத்துப் போறதா? ஊரு என்ன சொல்லும்? அடுத்த வருசம் யாராச்சும் போவாக. அவுக கூடப் போ." போன வருடமும் அடுத்த வருடம் என்றுதான் சொன்னார்.

மாலையில், பினாங்கு போய்வந்த பாத்திமா அக்கா வீட்டில். கேட்டதும் அக்கா சொன்னதும்:

கக்கூஸ் - உண்டு. பெரிய வரிசை. விடியுமுன் போய்விட வேண்டும்.
தண்ணீர் - காலையும் மாலையும்தான் குழாய் திறப்பார்கள். கூஜா அவசியம்.
சாப்பாடு - சோறு தருவார்கள். "வெஞ்சனம் வாயில வைக்க முடியாது. ஊறுகா கொண்டு போ."
வாந்தி - எலுமிச்சம்பழம். வயிற்றைக் காயப் போடக் கூடாது.
படுக்கை - முதலில் பாய் விரித்தவருக்கே இடம்.
தொழுகை - "கப்பல் கிழக்க போவுது. பின்பக்கம் பாத்துத் தொழு. அல்லாவுக்குத் தெரியும்."

பிப். 8, புதன்

அனுமதிக் கடிதம் அண்ணனிடம். பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தவர். கேட்டால் தோல் மண்டியில் இருக்கிறது என்கிறார். மண்டிக்குப் பெண்கள் போவதில்லை.

போனேன். வெயில், தோல் நாற்றம். எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இங்க எதுக்கு வந்தே? வீட்டுக்குப் போ, வாரேன்."

"கடுதாசியக் குடுங்கண்ணே, போறேன்."

"எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். வாங்காமப் போக மாட்டேன்."

ஒரு தோல்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான். துணி மடிக்கிற வேலை கிடந்தது.

பிப். 14, செவ்வாய். கப்பல்

அண்ணன் ரயிலடிக்கு வரவில்லை.

கப்பல் கரைக்கு வராதாம். படகில் கொண்டுபோய் ஏணியில் ஏற்றினார்கள். அலைக்குப் படகு ஒரு ஆள் உயரம் ஏறி இறங்கியது. நூர்ஜஹானைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடிக்கொண்டது நான்.

டெக்கில் காற்று வரும் ஓரமாகப் பாய் விரித்தாயிற்று. பக்கத்தில் வடமதுரைக்காரி சவேரியம்மாள், கைக்குழந்தையோடு. புருஷனுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. "செத்த நேரம் பிள்ளையப் பாத்துக்கங்கக்கா" என்று போனவள் மூன்று தரம் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

பிப். 16, வியாழன்

எனக்கும் வாந்தி. எழுத முடியவில்லை. நூர்ஜஹானுக்கு ஒன்றுமே இல்லை. ஓடுகிறாள், பசிக்கிறது என்கிறாள்.

பிப். 17, வெள்ளி

தலைசுற்றல் நின்றுவிட்டது. நல்ல வேளை. இன்றைக்குத் தலை தேவைப்பட்டது.

காலையில் கப்பல் குமாஸ்தா வந்தார். பின்னால் நாலு வியாபாரிகள். பெண்களெல்லாம் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டுமாம், இந்த இடம் அவர்களுக்காம். கப்பல் ஏறிய அன்றே கீழே போய்ப் பார்த்தேன். காற்றே இல்லை. வெங்காய மூட்டை, எண்ணெய் நாற்றம். கைக்குழந்தை அங்கே ஒரு நாள் தாங்காது.

"அவங்க டிக்கெட்டும் டெக் டிக்கெட்தானே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? எந்திரி. கேப்டன்கிட்ட எழுதிக் குடுத்திருவேன்."

"எழுதிக் குடுங்க. எம் பேரு ஜுலைகா பீவி, திண்டுக்கல். நானே எழுதித் தாரேன், எழுதத் தெரியும்."

பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. சவேரியம்மாள் என் பாயில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக. பதினொரு பேர். யாரும் சத்தம் போடவில்லை. வியாபாரிகளில் வயதானவர், "விடுங்க சார், எங்கிட்டாச்சும் படுத்துக்கிறோம்" என்று நடந்துவிட்டார்.

காலையில் திறக்க வேண்டிய குழாயில் மத்தியானம் வரை தண்ணீர் வரவில்லை. குமாஸ்தா வேலையோ என்னவோ. கூஜாவில் இருந்ததை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டோம். சாயங்காலம் வந்தது.

பிப். 20, திங்கள். பினாங்கு

மழை. இங்கே மாசியிலும் மழையாம்.

ஊசி போட்ட சீட்டு, அனுமதிக் கடிதம், எல்லாம் பார்த்து விட்டுவிட்டார்கள். சவேரியம்மாள் அதே கப்பலில் அடுத்த துறைமுகத்துக்குப் போகிறாள். குழந்தை என் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

துறையில் அவர். இளைத்திருக்கிறார், முன்வழுக்கை. நூர்ஜஹான் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் குனிந்து கையை நீட்டினார். பிறகு தானே கையை எடுத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

ரிக்‌ஷாவில் வரும்போது சொன்னார்: "கடை மாடியில ஒரே அறைதான். இன்னும் ரெண்டு பேரு தங்கியிருக்காக. எம்புட்டு நாளைக்கு வந்திருக்கே?"

"திரும்பிப் போற டிக்கெட்டு வாங்கலைங்க. அவுகள வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

அவர், நூர்ஜஹான் நனைகிறாள் என்று தன் பக்கத்துப் படுதாவை இழுத்து அவள் பக்கம் விட்டார்.

நாளைக்கு ஒரு அடுப்பு வாங்க வேண்டும்.